ரைசன் 5600எக்ஸை 4.7க்கு ஏற்றலாமா? ரங்கூன் வெயிலில் தாங்குமா?

தாமுவே எடிட்டர்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரங்கூன் தாமுவேயில் கல்யாண வீடியோ, காதுகுத்து, கோயில் திருவிழா என்று எடிட்டிங் வேலை பார்க்கிறேன். பங்குனித் திருவிழாவில் எடுத்ததே இன்னும் முடியவில்லை, சித்திரை பிறந்துவிட்டால் கல்யாணங்கள் வரிசையாக வந்து நிற்கும், மெஷினோ ரெண்டருக்கு (எடிட் செய்ததை முழு வீடியோ ஃபைலாக ஆக்கும் வேலைக்கு) போட்டால் மூச்சு வாங்குகிறது.

என்னிடம் இருப்பது ரைசன் 5 5600எக்ஸ் (ஏஎம்டியின் ஆறு கோர் பிராசசர் சிப்), அதோடு டப்பாவில் வந்த சின்ன கூலர், ஒரு சாதாரண பி550 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு. ரேம் டப்பாவில் 3600 என்று போட்டிருக்கிறது, டாஸ்க் மேனேஜரில் 2133 என்று காட்டுகிறது, ஏன் என்று தெரியவில்லை. கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். எடிட்டிங் பிரீமியரில், கடைசியில் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் எக்ஸ்265 (சிப்பை வைத்து வீடியோவைச் சுருக்கும் என்கோடர்) போட்டுச் சுருக்கிக் கொடுக்கிறேன்.

யூடியூபில் ஒருவர் இதே சிப்பை ஓவர்கிளாக் செய்து, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஏற்றி, எல்லாக் கோர்களிலும் 4.7 கிகாஹெர்ட்ஸ், 1.4 வோல்ட் என்று பூட்டி வைத்து ஓட்டிக் காட்டுகிறார். பயாஸில் (மெஷின் துவங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) இரண்டே இரண்டு எண்ணை மாற்றினார், அவ்வளவுதான். 1.4 அதிகம் என்று சிலர் சொல்கிறார்கள், ஆனால் என் மெஷினில் எதையும் தொடாமலேயே எச்டபிள்யூஇன்ஃபோவில் (சூடு, வோல்டேஜ் காட்டும் மென்பொருள்) அவ்வப்போது 1.45 வரை காட்டுகிறதே? கம்பெனியே 1.45 கொடுக்கிறது என்றால் நான் 1.4 கொடுத்தால் என்ன ஆகிவிடப் போகிறது? ரெண்டர் ஓடும்போது சூடு இப்போதே 95 டிகிரி. மத்தியானம் என் அறையில் 36, 37 இருக்கும். ஏசி இல்லை, மின்சாரமும் நாலு மணி நேரம் வந்தால் நாலு மணி நேரம் போகும், மற்ற நேரம் இன்வெர்ட்டர்.

சிப் போனால் புதிதாக வாங்கும் நிலையில் இல்லை. பாதுகாப்பாக எவ்வளவு தூரம் போகலாம், யாராவது செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பூச்சி:

தம்பி, அந்த யூடியூப்காரர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பேசுகிறாரா என்று பாருங்கள். அவர் அறை 20, 22 டிகிரியில் இருக்கும். காற்றால் சிப்பைக் குளிர்விக்கும் கூலர் எதுவானாலும் அறைச் சூட்டுக்கு மேல்தான் கணக்கு ஆரம்பிக்கிறது, அறையில் ஒரு டிகிரி கூடினால் சிப்பிலும் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும். அவருக்கு 80 என்றால் உங்களுக்கு அதே கூலரில் 95. நீங்களோ எதையும் தொடாமலேயே 95இல் நிற்கிறீர்கள், அதுதான் இந்தச் சிப்புக்கு ஏஎம்டி வைத்திருக்கும் எல்லை. அதாவது உங்கள் சிப் இப்போதே சூடு தாங்காமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடுகிறது. ரெண்டரின்போது கிளாக் (சிப் ஓடும் வேகம்) எவ்வளவு காட்டுகிறது பாருங்கள், 4.1 பக்கம் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். முதலில் அங்கே விட்டதைப் பிடியுங்கள், 4.7 எல்லாம் அப்புறம்.

அடுத்து அந்த 1.45 விஷயம். இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். சிப் 1.45 எடுப்பது ஒன்றிரண்டு கோர் மட்டும் ஒரு நொடிக்கும் குறைவாகத் துள்ளும்போது. அப்போது ஓடும் கரண்ட் ரொம்பக் கம்மி. ஆறு கோரும் சேர்ந்து ரெண்டரில் இறங்கியதும் அதே சிப் தானாகவே 1.2 பக்கம் இறங்கிவிடும், வேண்டுமானால் இன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள். சைக்கா (சைக்கிள் ரிக்‌ஷா) டயரில் அடிக்கிற காற்று ஒன்றுதான், ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு போவதும் நாலு மூட்டை அரிசியை ஏற்றிக்கொண்டு போவதும் ஒன்றாகுமா? நீங்கள் 1.4 என்று பூட்டிவிட்டால், அதிக வோல்டேஜ், அதிக கரண்ட், அதிக சூடு மூன்றும் ஒரே நேரத்தில், மணிக்கணக்காக. கரண்டும் சூடும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய செம்புத் தடத்தில் அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர ஆரம்பிக்கும். ஒரே நாளில் புகை வராது. சில மாதம் போனபின் நேற்று வரை ஓடிய 4.7 இன்று ஓடாது, இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் கேட்கும், கொடுத்தால் இன்னும் வேகமாகத் தேயும்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். சிப் தின்னும் வாட், வோல்டேஜின் வர்க்கத்தோடும் கிளாக்கோடும் ஏறும். 1.2 வோல்ட்டில் 4.4இல் ஓடுவது 1.4 வோல்ட்டில் 4.7க்குப் போனால் வேகம் 7 சதவீதம் கூடும், வாட் 45 சதவீதம் கூடும். உங்கள் சிப்பின் எல்லையான 76 வாட் 110 ஆகும், சூடு ஏற ஏற சிப்புக்குள் கரண்ட் கசிவும் கூடுவதால் நிஜத்தில் அதற்கும் மேல். ஒரு மணி நேர ரெண்டரில் உங்களுக்கு மிச்சமாவது நாலு நிமிஷம். அந்த டப்பா கூலரில் அந்த நாலு நிமிஷம்கூடக் கிடைக்காது, திரும்ப 95இல் முட்டிக்கொண்டு நிற்கும்.

நான் செய்வது இது. பயாஸில் பிபிஓ (சிப் தானாக வேகமேற்றிக்கொள்வதைக் கட்டுப்படுத்தும் ஏஎம்டி அமைப்பு) என்று தேடுங்கள், அதற்குள் கர்வ் ஆப்டிமைசர் இருக்கும். அதில் எல்லாக் கோருக்கும் நெகட்டிவ் 10 கொடுத்து ஆரம்பியுங்கள். ஒரு படிக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் குறையும். வோல்டேஜ் குறைந்தால் அதே 76 வாட்டுக்குள் சிப் தானாகவே கூடுதல் கிளாக்கைப் பிடித்துக்கொள்ளும், சூடும் இறங்கும். நன்றாக ஓடினால் 15, 20 என்று இறங்குங்கள், கடைசி எல்லை நெகட்டிவ் 30. ஒரே அடியாக 30 போட்டு "எனக்கு ஓடுது" என்று சொல்லும் ஆட்களை நம்பாதீர்கள். ஒவ்வொரு சிப்பிலும் இரண்டு கோர் மற்றதைவிட நல்ல கோராக இருக்கும், ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் மென்பொருளில் நட்சத்திரம் போட்டுக் காட்டும். அந்த இரண்டும்தான் அதிகம் துள்ளுகிறவை, அதனால் அவைதான் முதலில் மக்கர் செய்யும். அவற்றுக்கு 5 அல்லது 10 போதும், மற்ற நாலுக்கும் தாராளமாக இறங்கலாம்.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. கர்வ் ஆப்டிமைசர் தப்பாகப் போனால் ரெண்டரின்போது தெரியாது, எல்லாக் கோரும் ஓடும்போது கிளாக் குறைவு, அங்கே பிரச்சினை வராது. நீங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டு பிரவுசரில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். அதனால் சினிபெஞ்ச் (எல்லாக் கோரையும் ஓட்டிச் சோதிக்கும் மென்பொருள்) மட்டும் ஓட்டிவிட்டுச் சரி என்று விட்டுவிடாதீர்கள். கோர்சைக்ளர் என்று ஒரு இலவச ஸ்கிரிப்ட் கிடைக்கிறது, ஒவ்வொரு கோராக எடுத்துச் சோதிக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

ரேம் 2133 காட்டுவது பழுதில்லை, பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை டப்பாவில் போட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போடாமல் இருக்கிறது. சில போர்டில் டிஓசிபி என்று எழுதியிருக்கும். அதைப் போட்டு 3600 ஆக்குங்கள். ரைசனில் ரேமோடு சிப்பின் உள்ளிணைப்பும் ஒன்றுக்கு ஒன்றாக 1800 மெகாஹெர்ட்ஸில் ஓடும், டைம்லைனில் இழுத்துப் பார்க்கும்போதே வித்தியாசம் தெரியும். போட்டதும் மெம்டெஸ்ட் ஒரு சுற்று முழுதாக ஓட்டுங்கள், ரேம் தப்பு பண்ணினால் சத்தமில்லாமல் ஃபைலைக் கெடுக்கும்.

அப்புறம் ஒன்று கேட்கவே மறந்தேன். கையில் 1660 சூப்பர் இருக்கிறதே, வாட்ஸப்பில் அனுப்புகிற காப்பிக்கெல்லாம் எதற்கு எக்ஸ்265? கார்டிலேயே என்கோடர் இருக்கிறது, ஹேண்ட்பிரேக்கில் என்வெங்க் என்று தேர்ந்தெடுத்தால் பல மடங்கு வேகம். ஃபைல் கொஞ்சம் பெரிதாகும். வைத்துக்கொள்ளப் போகிற காப்பிக்கு மட்டும் சிப்பைப் போட்டு வறுங்கள்.

பெகு பெரியவர்:

இரவுப்பூச்சி அம்மா சொன்னதில் கணக்கு சரி, ஆனால் எனக்கு இந்த கர்வ் ஆப்டிமைசர் சமாச்சாரம் பிடிப்பதில்லை. பயாஸுக்கு ஒரு ஜாடை காட்டிவிட்டு மிச்சத்தை அதனிடம் விட்டுவிடுவது ஓவர்கிளாக்கா? எந்த நேரத்தில் என்ன வோல்டேஜ் போகிறது என்று உங்களுக்கே தெரியாது.

நாங்கள் ஆரம்பித்த காலம் வேறு. 1998இல் வந்த செலரான் 300ஏ சிப்பில், போர்டின் 66 மெகாஹெர்ட்ஸ் பஸ் வேகத்தை 100க்கு மாற்றினால் 300 இருந்தது 450 ஆகிவிடும். பாதிக்குப் பாதி லாபம், பெரும்பாலான சிப்பில் வோல்டேஜைக்கூடத் தொட வேண்டாம். அதற்கப்புறம் அத்லான் தண்டர்பேர்டில் பூட்டைத் திறக்கப் பென்சிலால் கோடு போட்டோம். சாண்டி பிரிட்ஜ் 2500கே 2011இல் வந்தது, 3.3 என்று எழுதி விற்றதை 4.5இல் ஓட்டினோம். இப்போது அந்த லாபத்தையெல்லாம் கம்பெனிக்காரனே பிழிந்து டப்பாவில் போட்டுவிடுகிறான், நமக்கு விடுவது சக்கை. அதனால் 4.7 ஆசை வேண்டாம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் கையால் பூட்டுவதே தப்பு என்று சொல்லாதீர்கள். தம்பி, எண்ணை மாற்றிப் பாருங்கள். கிளாக்கை முதலில் முடிவு செய்துவிட்டு வோல்டேஜைத் தேடாதீர்கள், வோல்டேஜை முடிவு செய்துவிட்டு கிளாக்கைத் தேடுங்கள். 1.25 வோல்ட் என்று பூட்டுங்கள், 4.3இல் ஆரம்பியுங்கள், சினிபெஞ்ச் ஒரு பத்து நிமிஷம் ஓட்டுங்கள், விழாமல் தாங்கினால் 25 மெகாஹெர்ட்ஸ் ஏற்றுங்கள். எங்கே விழுகிறதோ அங்கிருந்து 100 இறங்கி அதோடு நிறுத்துங்கள். 4.5 வரும், நல்ல சிப் என்றால் 4.6கூட வரும். ஏமாற்று வேலை இல்லை, ரெண்டரின்போது ஒரே வேகம், ஒரே சூடு, விசிறி சத்தமும் ஏறி இறங்காது.

லோட்லைன் என்று ஒரு அமைப்பு இருக்கும், அதை மேல்மட்டத்தில் வைக்காதீர்கள். லோடு ஏறும்போது வோல்டேஜ் கொஞ்சம் சரிவது இயற்கை, அதைச் சரியவிடாமல் போர்டை முறுக்கினால், லோடு சட்டென்று விலகும் கணத்தில் நீங்கள் கேட்டதைவிட அதிக வோல்டேஜ் சிப்பில் ஏறும், அது எந்த மென்பொருளிலும் தெரியாது. நடு மட்டம் போதும்.

எதைச் செய்தாலும் அந்தச் சின்ன கூலரை மாற்றாமல் செய்யாதீர்கள். அலுமினியத் துண்டு, செம்புக் குழாய்கூட இல்லை. நாலு குழாய் டவர் கூலர் போதும், தண்ணீர் கூலரெல்லாம் வேண்டாம். டவர் மாட்டியதும் ஒரு விஷயம் கவனியுங்கள்: பழைய கூலர் கீழ்நோக்கி ஊதும், பக்கத்தில் இருக்கும் விஆர்எம்முக்கும் (சிப்புக்கு வோல்டேஜ் கொடுக்கும் போர்டு பகுதிக்கும்) காற்று போகும். டவர் பக்கவாட்டில் ஊதும், விஆர்எம்முக்கு ஒன்றும் கிடைக்காது. உங்கள் சாதாரண பி550 போர்டில் ஹீட்சிங்க் பெரிதாக இருக்காது, கேஸின் பின்பக்கம் ஒரு விசிறி கட்டாயம் வேண்டும்.

தாமுவே எடிட்டர்:

நன்றி அக்கா, நன்றி ஐயா. எக்ஸ்எம்பி இப்போதே போட்டேன், 3600 காட்டுகிறது. ரெண்டரில் கிளாக் பார்த்தேன், 4.05க்கும் 4.1க்கும் நடுவில் ஆடுகிறது, அக்கா பார்க்காமலே சொல்லிவிட்டார். கேஸைத் திறந்தபோது கூலருக்கு அடியில் தூசி கம்பளி மாதிரி கிடந்தது, பவர் சப்ளை பக்கம் ஒரு பல்லி வேறு குடும்பம் நடத்தியிருக்கிறது.

ஒரு சந்தேகம். ராத்திரி சோதனை போட்டால் நடுவில் கரண்ட் போய் வந்துவிடும். இன்வெர்ட்டர் மாறும் நேரத்தில் சில சமயம் மெஷின் ரீஸ்டார்ட் ஆகிறது, எப்போதும் இல்லை, ரெண்டர் ஓடும்போதுதான் அதிகம். அப்படியானால் காலையில் ரீஸ்டார்ட் ஆகிக் கிடந்தால் அது ஓவர்கிளாக் தாங்காமல் விழுந்ததா, கரண்ட் போனதால் விழுந்ததா, எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்வெர்ட்டர் மாட்டுகிறவன்:

இது என் பாடம். ரங்கூனில் இப்போது வீட்டுக்கு வீடு இதே புகார், கம்ப்யூட்டர் கடைக்காரர் இன்வெர்ட்டரைச் சொல்வார், நாங்கள் பவர் சப்ளையைச் சொல்வோம்.

பவர் சப்ளைக்குள் ஒரு பெரிய கெபாசிட்டர் இருக்கிறது, வெளியே கரண்ட் நின்றதும் அதில் சேர்ந்திருப்பதை வைத்துக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். ஏடிஎக்ஸ் விதிப்படி அது 16, 17 மில்லிசெகண்ட். மலிவான பவர் சப்ளையில் அதுவும் இருக்காது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரம் யூபிஎஸ் மோடில் 10 மில்லிசெகண்ட் சுமார், சாதாரண மோடில் 20 வரை போகும். இப்போது கணக்குப் புரிகிறதா? சும்மா இருக்கும்போது லோடு கம்மி, கெபாசிட்டர் அதிக நேரம் தாங்கும், மாறியதே தெரியாது. ரெண்டர் ஓடும்போது லோடு அதிகம், சீக்கிரம் காலியாகும், விழுந்துவிடும். நீங்கள் 1.4 வோல்ட்டில் 110 வாட் இழுக்க வைத்திருந்தால் இன்னும் அடிக்கடி விழுந்திருக்கும்.

இன்வெர்ட்டர் அமைப்பில் யூபிஎஸ் மோடு என்று இருக்கும், அதற்கு மாற்றுங்கள். ஆனால் அந்த மோடில் ஏற்றுக்கொள்ளும் வோல்டேஜ் எல்லை குறுகல், பெரும்பாலும் 170க்குக் கீழே போனால் லைனைத் துண்டித்துப் பேட்டரிக்குப் போய்விடும். சாயங்காலம் நம் பேட்டைகளில் வோல்டேஜ் எங்கே இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும், அதனால் கரண்ட் இருந்தும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். அப்படி இருந்தால் மெஷினுக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன யூபிஎஸ் வைப்பதுதான் நல்லது. வாங்கும்போது சைன் வேவா என்று கேளுங்கள், புது பவர் சப்ளைகளில் சிலதுக்குப் படிக்கட்டு அலை ஒத்துக்கொள்ளாது.

கண்டுபிடிக்கும் வழிக்கு வருகிறேன். விண்டோஸ் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பகுதியைப் பாருங்கள். கெர்னல் பவர் 41 என்பது இரண்டுக்கும் வரும், அதை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். அதன் பக்கத்தில் டபிள்யூஎச்இஏ லாகர் 18 இருந்தால் சிப் தடுமாறியிருக்கிறது என்று அர்த்தம், எந்தக் கோர் என்றுகூட எண் போட்டிருக்கும். அந்த எண்ணில் பாதிதான் கோர் எண், ஏனென்றால் ஒவ்வொரு கோருக்கும் இரண்டு த்ரெட். 18 இல்லாமல் 41 மட்டும் இருந்தால், அதே நேரம் வீட்டில் விசிறி நின்று ஓடியதா என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். தெருவே "மீ லா பியி" (கரண்ட் வந்துவிட்டது) என்று கத்துகிற நேரமும் 41இன் நேரமும் ஒத்துப்போனால் சிப்பின் மேல் பழி போடாதீர்கள்.

முடிந்தால் சோதனையைக் கரண்ட் வரும் நாலு மணி நேரத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் ஓடும்போது ஈகோ மோடு 45 வாட் போட்டு வைக்கலாம், எடிட்டிங்குக்கு ஒன்றும் குறை தெரியாது. பயாஸ் அப்டேட் செய்வதாக இருந்தால் மட்டும் கரண்ட் அப்போதுதான் வந்திருக்கிறது, பேட்டரியும் நிறைந்திருக்கிறது என்ற நேரம் பார்த்துச் செய்யுங்கள். நடுவில் நின்றால் போர்டு செங்கல்தான்.

மோல்மேன் 12400:

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். என்னிடம் இன்டெல் ஐ5 12400, பி660 போர்டு. இதில் இந்த வித்தையெல்லாம் ஓடுமா? தெரிந்தவர் ஒருவர் பழைய 13ஆம் தலைமுறை ஐ9 ஒன்று மலிவாகத் தருகிறேன் என்கிறார், அதை வாங்கி ஏற்றலாமா என்றும் யோசிக்கிறேன்.

இரவுப்பூச்சி:

12400இல் மல்டிபிளையர் (கிளாக்கைத் தீர்மானிக்கும் பெருக்கி எண்) பூட்டியது. கே என்று முடிகிற சிப்பும் இசட் வரிசை போர்டும் சேர்ந்தால்தான் இன்டெலில் ஏற்ற முடியும். உங்களால் செய்ய முடிந்தது ஒன்று: பயாஸில் நீண்டநேர வாட் எல்லை 65 என்று இருக்கும், குறுகிய நேரத்துக்கு 117. உங்கள் கூலர் தாங்கினால் இரண்டையும் 117 ஆக்குங்கள், நீளமான ரெண்டரில் வேகம் இறங்காது. ரேம் எக்ஸ்எம்பி பி660இல் ஓடும்.

அந்த ஐ9 விஷயத்தில் ஜாக்கிரதை. 13, 14ஆம் தலைமுறை மேல்மட்ட சிப்களில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய்ச் சிப்பே தேய்ந்துபோனது 2024இல் பெரிய பிரச்சினையாக வெடித்தது. இன்டெல் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோடு (பயாஸ் வழியாகச் சிப்புக்குள் போகும் மென்பொருள்) திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டித்தது. திருத்தம் இனி தேயாமல் காக்கும், ஏற்கெனவே தேய்ந்ததைச் சரி செய்யாது. முந்தைய ஆள் எந்த பயாஸில் எத்தனை காலம் ஓட்டினார் என்று உங்களுக்குத் தெரியாதே. நான் வாங்க மாட்டேன்.

பெகு பெரியவர்:

நானும் வாங்க மாட்டேன். இதில் அம்மாவும் நானும் ஒரே கட்சி.

தாமுவே எடிட்டர்:

தண்ணீர்த் திருவிழா லீவு முடிந்து வந்தேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். டவர் கூலர் மாட்டினேன், பின்பக்கம் விசிறி வைத்தேன், பேஸ்ட் புதிதாகத் தடவினேன். எதையும் ஏற்றாமல் இவ்வளவுக்கே கிளாக் 4.1இலிருந்து 4.35க்கு வந்துவிட்டது.

அப்புறம் இரண்டு பேர் சொன்னதையும் செய்து பார்த்தேன். ஐயா சொன்னபடி 1.25இல் பூட்டியபோது 4.55 வரை நின்றது, மத்தியானம் மூன்று மணிக்கு 86 டிகிரி. அக்கா சொன்ன வழியில் நல்ல கோர் இரண்டுக்கும் 8, மற்றதுக்கு 20 போட்டேன், ரெண்டரில் 4.5 நிற்கிறது, அதே நேரத்தில் 77 டிகிரி. முதலில் எல்லாவற்றுக்கும் 20 போட்டபோது பிரவுசரில் உட்கார்ந்திருக்கையில் ஒரு முறை விழுந்தது, லாகர் 18 வந்தது, எண் 4 என்று இருந்தது, அதாவது கோர் 2. பார்த்தால் அதுதான் நட்சத்திரம் போட்ட கோர். ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம், 50 மெகாஹெர்ட்ஸுக்காக ஒன்பது டிகிரியை நான் ஏற்றுக்கொள்ளவில்லை, அக்கா வழியிலேயே இருக்கப் போகிறேன்.

சோதனை நாட்களில் கஸ்டமர் ஃபுட்டேஜ் எதையும் அந்த மெஷினில் வைக்கவில்லை, எல்லாம் வெளி டிஸ்கில். ரெண்டர் கெட்டால் மறுபடி போடலாம், மாப்பிள்ளையை மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியாது. இன்வெர்ட்டர் யூபிஎஸ் மோடு மாற்றியதிலிருந்து மாறும்போது விழவில்லை.

ஒரே ஒரு தொல்லை பாக்கி. இன்வெர்ட்டரும் தீர்ந்து ராத்திரி முழுக்க மெஷின் கரண்டே இல்லாமல் கிடந்தால், மறுநாள் பயாஸ் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. தேதியும் தப்பு, ரேம் மறுபடி 2133. இது கர்வ் ஆப்டிமைசர் வேலையா?

பெகு பெரியவர்:

கோபமெல்லாம் இல்லை. குளிர்காலம் வரட்டும், டிசம்பரில் காலை நேரம் என் வழியில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், அப்போது பேசுவோம்.

இன்வெர்ட்டர் மாட்டுகிறவன்:

கர்வ் ஆப்டிமைசருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தேதியும் சேர்ந்து போகிறது பாருங்கள். போர்டில் இருக்கும் காசு வடிவச் சின்ன பேட்டரி போய்விட்டது. மெஷின் அணைந்திருந்தாலும் பிளக்கில் கரண்ட் இருக்கிற வரை அந்த பேட்டரிக்கு வேலை கம்மி. நம் ஊரில் பிளக்கிலும் கரண்ட் இல்லாத மணி நேரங்கள் அதிகம், அதனால் சீக்கிரம் தீரும். சிஆர்2032 என்று கேளுங்கள், வாட்ச் கடையிலும் கிடைக்கும், மீட்டரில் வைத்தால் 3 வோல்ட் காட்ட வேண்டும். மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மாற்றியதும் பயாஸில் உங்கள் எண்களை ஒரு ப்ரொஃபைலாகச் சேமித்து, அதை யூஎஸ்பி பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கோருக்குக் கோர் போட்ட எண்களை ஒரு தாளிலும் எழுதி கேஸுக்குள் ஒட்டிவிடுங்கள், சில போர்டில் பயாஸ் அப்டேட் செய்தால் பழைய ப்ரொஃபைலை ஏற்காது.